அவிச்ச நெல்

வவுனியாவில் ஐந்து நாள் பயிற்சி.
திரும்பி வந்த மனேச்சர்
கேற்றடியில் நின்று வணக்கம் சொன்னார்.
பரந்தன் சந்தியால் நடந்து வந்த நாங்கள் ஏழு பேரும்
பின்னால் ஆர் வருகினம் என்று
திரும்பிப் பார்த்தோம்.

விக்கினராசா.
ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாள் சம்பளத்தைச்
சிவப்புப் பேனையால் வெட்டுகிறவர்.
கதிரை இழுபடும் சத்தத்தை வைத்தே
அன்றைக்கு ஏச்சு ஆருக்கு என்று
தராசடியில் நின்று நான் சொல்லுவேன்.

"வேலையில என்ன குறை? நீங்கள்தான் சொல்லவேணும்."
அப்படிக் கேட்டார் அவர்.
கொதிகலன் மட்டும்
தன்பாட்டில் ஏதோ முணுமுணுத்தது.

மாற்றம் என்ற சொல்லை
இந்தப் பக்கத்தில் பதாகைகளில்தான் கூடப் பார்த்திருக்கிறோம்.
கூட்டம் முடிந்து வாகனங்கள் போனதும்
அது மாட்டுக்கொட்டிலுக்குக் கூரை.
மழைக்கு நல்லாய்த்தான் தாங்கும்.

தேத்தண்ணி நேரம் பத்மரூபன்
களத்திலிருந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தான்.
"அவிச்ச நெல்லு முளைக்காது மச்சான்.
ரெண்டு கிழமை. பார்."
சிரித்தேன்.
நான் எப்போதும் அந்தப் பக்கம் நின்று சிரிக்கிறவன்.

செல்வமலர் சிரிக்கவில்லை.
நாற்பத்தொரு வயதில்
பெற்ற மகளோடு ஒரே மண்டபத்தில் குந்தி
கணக்குப் பாடத்தை மூன்றாம் முறை எழுதிப் பாசானவள்.
நேரே போய்ச் சொன்னாள்:
"வால்வு ஒழுகுது சேர். கை சுடுகுது."
வெள்ளிக்கிழமை புது வால்வு வந்தது.
"வெடிச்சால் ஆளுக்கெல்லோ வழக்கு"
என்றான் பத்மரூபன்.
அதுவும் சரிபோலத்தான் இருந்தது எனக்கு.

பிறகு அந்த மழை.
புரட்டாதிக் கடைசி.
அறுபது மூட்டை நெல் களத்தில் விரிந்து கிடந்தது.
ஓடி வந்தார். பழைய குரல்.
"எருமையள்! கண்ணென்ன..."
அதோடு நின்றுவிட்டார்.
திறந்த வாய் திறந்தபடி.
மழை அதற்குள்ளும் விழுந்தது.
செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப்
படங்கின் ஒரு முனையைப் பிடித்தார்.
மறுமுனை என் கையில்.

அன்று பின்னேரம் முரசுமோட்டை வரைக்கும்
பத்மரூபன் எருமையைச் சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதித்தான்.
செல்வமலர் அந்த நின்றதைச் சொன்னாள்,
அது ஒன்றைத்தான் சொன்னாள்.
மழை ஒன்று. வாயும் ஒன்று.
ஆளாளுக்குத் தாங்கள் நம்பினதைப் பொறுக்கிக்கொண்டு
வீட்டுக்குப் போனார்கள்.

எனக்கு நித்திரை வரவில்லை.
மனேச்சரை நினைத்து அல்ல.
போன வருடம் போர்மன் வேலைக்கு என் பெயரைக் கேட்டபோது
"எழுத்து வேலை எனக்கு ஓடாது,
நான் இப்படித்தான்" என்று சொல்லித் தப்பினேனே,
அது வந்து பாயில் பக்கத்தில் படுத்தது.
அந்த நெல்லை அவித்தது ஆர்?
அடுப்புக்கு உமி தள்ளியது
ஆருடைய கை?

திங்கட்கிழமை போனேன்.
"தராசு மூட்டைக்கு முந்நூறு கிராம்
குறைச்சுக் காட்டுது சேர்.
எட்டு மாசமாய்த் தெரியும்."
"எட்டு மாசமாயா?"
முகம் கறுத்தது. விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்தன.
கதிரைச் சத்தத்துக்காகக் காத்து நின்றேன்.
கதிரை அசையவில்லை,
அல்லது அவர் அசையவிடவில்லை.
கொப்பியில் குறித்துக்கொண்டார்.

தராசு இன்னும் திருத்தப்படவில்லை.
இன்று பதினோராம் நாள்.
பத்மரூபன் விரல் மடித்து எண்ணுகிறான்.
நானும் எண்ணுகிறேன்.
ஆனால் இப்போது கணக்குக் கொப்பியை
நானே வாங்கி வைத்திருக்கிறேன்.
நெல் கொண்டுவருகிற ஒவ்வொருவருக்கும்
மூட்டைக்கு முந்நூறு கிராம்
கூட்டி எழுதுகிறேன்,
கோணல் எழுத்தில்,
மூன்றை மட்டும் இரண்டு தரம் அழித்து.